நாற்பத்தொரு சுற்று

வாரம் ஆறு நாள்
ஏழாம் நம்பர் கூண்டில் உட்கார்ந்து
கை நீட்டுகிறவள் நான்.
ரொக்கம் வாங்குகிற ஒரே வாசல் அது.
ரசீதில் விஜயமங்கலம் என்று அச்சாகும்.
அந்த ஊரைப் பார்த்ததில்லை.
கம்பெனி வேன் பவானியில் இருட்டில் ஏற்றி
இருட்டிலேயே இறக்கிவிடும்.

புதன்கிழமை விடுப்பு.
தங்கச்சியின் ஸ்கூட்டியில்
பெருந்துறைப் பாலத்தடியில்
எல்லோரும் ஏறுகிற இடத்தில் ஏறாமல்
இடப்பக்கம் இறங்கினேன்.
செல்போன்காரி பதறினாள்:
திரும்பவும், திரும்பவும், முடிந்தால் திரும்பவும்.
அணைத்து சீட்டுக்கடியில் போட்டேன்.

பழைய ரோடு அத்தனை அகலமில்லை.
இரண்டு லாரி எதிரெதிரே வந்தால்
டிரைவர்கள் பெயர் விசாரித்துக்கொள்ளலாம்.
புளியமரத்து இடுப்பில் நம்பர் 212,
அடுத்த மரத்தில் 219.
நடுவில் ஆறு மரம் எங்கே என்று
கொஞ்ச தூரம் குடைந்துகொண்டே வந்தேன்.
சில்லறை குறைந்தால்
என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள்.

இருபத்துநாலு மணி நேரமும் பஞ்சர் என்ற போர்டு
அப்படியே இருக்கிறது.
செய்தலவியும் இருக்கிறார்.
மணி பதினொன்று. அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார்.
"பைபாஸ் திறந்த ராத்திரிதான் மோளே
நான் முதல்முதலா உறங்கினது.
இருபது வருசத்துத் தூக்கம் பாக்கி."
வருத்தமில்லையா என்றதற்கு
கொட்டாவி விட்டார்.

மூடிய பெட்ரோல் பங்கில்
லிட்டர் நாற்பத்தேழு ரூபாய் பத்துப் பைசாவில்
மீட்டர் நின்றுவிட்டிருக்கிறது.
அந்த விலைக்கு ஓர் ஆடு
ஹோஸைச் சப்பிக்கொண்டிருந்தது.

ராக்கியண்ணன் ஓட்டலில் கயிற்றுக்கட்டில்கள் இல்லை.
மில் பையன்களுக்கு நீள பெஞ்சு.
விலைப்பலகையில் தமிழுக்கு மேலே
உருண்டை உருண்டையாய் ஒடியா.
"என்னன்னு எழுதியிருக்குதுங்?"
"எனக்கெங்க அம்மணி தெரியும்?
அவிய எழுதுனாங்க, அவியளே திங்கறாங்க,
காசு சரியா வருது."
வந்தது நம்ம பழைய சோறேதான்,
கடுகு தாளித்து வேறு பெயரில்.
இரண்டு கிண்ணம் குடித்தேன்.

தூரத்தில் நெட்டைக் கோபுரம்.
எந்த ரோடு வந்தாலும் போனாலும்
அது பாட்டுக்கு நின்றது.

அப்புறம்தான் அந்த மைல்கல்.
மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி,
எலுமிச்சம்பழம் வைத்து.
துணிக்கு மேலே எட்டிப் பார்த்தது: கோவை 41.
பனியன் கம்பெனிச் சீருடையில் ஒருத்தி
விரல் மடக்கியபடி சுற்றிக்கொண்டிருந்தாள்.
"எத்தன சுத்துங்க?"
"நாப்பத்தொண்ணு. கல்லுலயே போட்டிருக்குதில்ல."
"அது மைல் கணக்குங்க."
நடையை நிறுத்தாமல் சொன்னாள்:
"நல்ல வேளை. கிலோமீட்டருன்னா அறுவத்தாறு."
"கேட்டது நடக்குதுங்களா?"
"கோயமுத்தூருல வேலை கேட்டேன்.
திருப்பூர் வரைக்கும் குடுத்துட்டாரு.
மீதிக்குத்தான் சுத்தறேன்."

நானும் மூன்று சுற்றுச் சுற்றினேன்.
என்ன கேட்பதென்று முடிவாகவில்லை.
அதற்குள் கால் சுட்டது.

அங்கிருந்து அரை மைல்கூட இல்லை.
ரோடு ஒரு வளைவு வளைந்து
இரும்புத் தடுப்பில் முட்டிக்கொண்டது.
அந்தப் பக்கம் ஆறு வழி.
அதற்கும் அப்பால் பத்து வாசல், என் கொட்டகை.
ஒரு கல் எறிந்தால் விழும்.
போய்ச் சேர, வந்த வழியே நாலு கிலோமீட்டர் திரும்பி
சுரங்கப்பாதையில் நுழைய வேண்டும்.

ஸ்டாண்டு போட்டு நின்று பார்த்தேன்.
ஏழாவதில் கோகிலவாணி, என் ஷிப்டுக்கு மாற்று.
முகம் தெரியவில்லை.
ஜன்னலிலிருந்து ஒரு கை மட்டும்
வெளியே வந்தது, நீண்டது,
வாங்கிக்கொண்டு உள்ளே போனது,
மறுபடி வந்தது.
அடுத்த வண்டி வரும்வரை
அது வெறும் வெயிலை வாங்கிக்கொண்டிருக்கும் என்று
உள்ளே இருந்தபோது எனக்குத் தெரியாது.

ஹாரன் அடித்துப் பார்த்தேன்.
அவளுக்குக் கேட்கவில்லை.